வெள்ளையம்மாவின் கடல் தண்ணீர்

வெள்ளையம்மா அக்கா எந்தத் தண்ணீரையும் விரலால் தொட்டுப் பார்க்க மாட்டார். மணிக்கட்டின் உள்பக்கத்தைத்தான் முதலில் நனைப்பார். தரை துடைக்கும் வாளியோ, கை கழுவும் குழாயோ, கம்பெனி பஸ்ஸில் யாராவது நீட்டும் பாட்டிலோ, எதுவானாலும் இதே பழக்கம்தான். ஏழு வருடமாகப் பார்க்கிறேன். ஒருமுறை கேட்டதற்கு, “விரலு பினாயில்ல ஊறி ஊறி மரத்துப் போச்சு மே. அதை நம்ப முடியாது. மணிக்கட்டு உள்ளதை உள்ளபடி சொல்லும்” என்றார்.

எங்களுடையது போச்சம்பள்ளி சிப்காட்டில் வண்டிகளுக்கான வயர் கட்டுகள் செய்யும் கம்பெனி. அக்கா ஹவுஸ்கீப்பிங். நான் பேன்ட்ரியில் டீ, காபி போடுகிறேன். நான் சாமல்பட்டியில் பஸ் ஏறுவேன். அக்கா மத்தூரில் ஏறுவதற்குள் பக்கத்து சீட்டில் என் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்திருப்பேன். பேன்ட்ரி கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் ரிசப்ஷன் முழுவதும் தெரியும். ரிசப்ஷனில் சுவரை ஒட்டி, ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் போன்ற நீளத்தில், கடல்மீன் தொட்டி நிற்கிறது.

சாதாரண மீன் தொட்டி இல்லை அது. அறுநூறு லிட்டர் உப்புத் தண்ணீர். உள்ளே பாறைகள், பாறைகளின்மேல் உயிருள்ள பவளங்கள். சிலது காளான் மாதிரி, சிலது விரல்கள் மாதிரி, ஒன்று மட்டும் சாமந்திப் பூ மாதிரி பகலில் விரிந்து இரவில் மூடும். எங்கள் எம்.டி. சார் ஆசைப்பட்டு வைத்தது. ஆரம்பத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து ருத்ரேஷ் என்பவர் வேனில் கேன்களோடு வந்து தண்ணீர் மாற்றிப் போவார். அப்போதெல்லாம் அக்காவுக்கும் தொட்டிக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ருத்ரேஷ் போனபின் தரையில் சிந்திய உப்புத் தண்ணீரைத் துடைப்பதுதான்.

கொரோனா வந்தது. பெங்களூர் ரோட்டில் ஜூஜுவாடி தாண்டி எந்த வேனும் வரக்கூடாது என்று எல்லையை அடைத்துவிட்டார்கள். கம்பெனியும் மூடிக் கிடந்தது. தொட்டியின் மோட்டார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அட்மின் மேனேஜர் சுரேந்தர் சார் சேலத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பது வெள்ளையம்மா அக்காதான். போலீசிடம் காட்ட ஒரு கடிதத்தைப் போனில் அனுப்பினார். அக்காவின் வீட்டுக்காரர் கரியப்பன் அண்ணன் தினமும் அவரை டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடுவார்.

ருத்ரேஷ் வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் வராது. அக்காவுக்குக் கன்னடம் வரும், கல்யாணமான புதிதில் பெங்களூரை ஒட்டிய சந்தாபுரா பக்கம் நான்கு வருடம் கட்டட வேலை செய்தவர். அதனால் பேச்சில் சிக்கல் இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு தப்பு நடக்க இருந்தது. தொட்டியில் நீர்மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அக்கா உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றப் போனார். ருத்ரேஷ் போனுக்குள்ளிருந்து “பேடா, பேடா!” என்று கத்தினாராம். வேண்டாம் என்று அர்த்தம். ஏன் வேண்டாம் என்று அவர் விளக்குவதற்கு முன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கம்பெனியில் சேருவதற்குமுன் மாம்பழ சீசன்களில் அவர் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மாங்காய்த் துண்டுகளை உப்பு நீரில் ஊறப்போடும் பேரல்களை வெயிலில் மூடாமல் விட்டால், தண்ணீர் குறையும், கரிப்பு ஏறும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்ததற்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

“எங்க மாங்கா பேரல்லயும் இதே கதைதான்” என்று அக்கா கன்னடத்தில் சொன்னாராம். “அதுக்கப்புறம் அந்தாளு என்னை ‘ஏய்’னு கூப்பிடல. ‘அம்மா’ன்னுட்டாரு” என்பார் அக்கா.

கம்பெனி திறந்து நாங்கள் எல்லாரும் வந்தபோது தொட்டி முன்பைவிட நன்றாக இருந்தது. வேன் திரும்ப வரவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தொட்டி அக்காவின் கைக்கு வந்துவிட்டது.

அவர் தண்ணீர் மாற்றுவதை நான் கண்ணாடி வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் நாளே ஆர்.ஓ. தண்ணீரை நூறு லிட்டர் நீல டிரம்மில் பிடித்துவிடுவார். போர் தண்ணீரைத் தொடவே மாட்டார். “நம்ம ஊர் போர் தண்ணில பல்லே கறையாவுது, பவளம் தாங்குமா?” டிரம்மில் தண்ணீர் நிரம்பிய பிறகுதான் உப்பு. உப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் தண்ணீர் விட்டால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும் என்று ருத்ரேஷ் சொன்னதை ஒருநாளும் மீறியதில்லை. ஒரு சின்ன மோட்டார் போட்டு இரவு முழுவதும் சுற்ற விடுவார். காலையில், உப்பின் அளவைக் காட்டும் பேனா மாதிரி ஒரு குழலின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உள்ளே முப்பத்தைந்து என்ற கோட்டில் நீலம் நிற்க வேண்டும். பிறகு மணிக்கட்டு. டிரம்மில் ஒரு முறை, தொட்டியில் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் தெர்மாமீட்டரையே எடுப்பார். தெர்மாமீட்டர் அவர் சொன்னதைத்தான் காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் தொட்டியின் மோட்டாரை நிறுத்துவார். அகலமான ஒரு குழலைத் தொட்டியின் மணலில் ஊன்றி, ஹோஸ் வழியாகப் பழைய தண்ணீரைக் காலி டிரம்முக்கு இறக்குவார். குழலுக்குள் மணல் எழும்பிச் சுழலும். அழுக்கு மட்டும் தண்ணீரோடு போகும், மணல் திரும்பக் கீழே விழும். கண்ணாடியில் ஒட்டிய டேப் வரை மட்டம் இறங்கியதும் நிறுத்திவிட்டு, புதுத் தண்ணீரைப் பாறையில் படாமல் ஓரமாக, மெதுவாக ஏற்றுவார். ஒரு முறைக்கு ஒரு டிரம். அதற்கு மேல் ஒரு சொம்புகூட இல்லை.

இப்படியே மூன்று வருடம் போனது. அப்புறம் அந்த ஆயுத பூஜை.

அந்த வருடம் பூஜை திங்கட்கிழமை. கம்பெனியில் சனிக்கிழமையே முடித்துவிட்டு மூன்று நாள் லீவு விட்டார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் லைனில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு முன்வாசல் வழியாக உள்ளே வரலாம். மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு எல்லாரும் ரிசப்ஷனுக்கு வந்தார்கள். நிறையப் பேர் கடலையே பார்த்ததில்லை. நீல வெளிச்சத்தில் பவளம் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது நாங்கள் ஜன்னல் வழியாகக் காசு போட்டுக் கும்பிடுவோம். அதே கை இங்கேயும் நீண்டது. தொட்டிக்கு மேல்மூடி கிடையாது. ஒருவர் போட்டார், அடுத்தவர் போட்டார். அக்கா அந்த நேரம் பின்பக்கம் பூசணிக்காய்ச் சிதறலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நாங்கள் திரும்பி வந்தபோது, அக்கா கைப்பையைக்கூட வைக்காமல் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். சாமந்திப் பவளம் சுருங்கி ஒரு உருண்டையாகக் கிடந்தது. விரல் பவளங்கள் தோல் உரிந்த மாதிரி இருந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாந்து கிடந்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

“மீனு நல்லாத்தான் கீது. நத்தை செத்துப் போச்சுன்னா…” என்று முணுமுணுத்தவர், மணலை உற்றுப் பார்த்தார். ஒரு ரூபாய்க் காசு ஒன்று பாதி புதைந்து மின்னியது. அவருக்கு முகம் மாறிவிட்டது. செம்பு கலந்த எதையும் தொட்டியில் விடாதே, மீன் தாங்கும், பவளமும் நத்தையும் தாங்காது என்று ருத்ரேஷ் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்திருக்கும்.

சுரேந்தர் சார் வந்தார். அடுத்த புதன்கிழமை எம்.டி. சார் ஜப்பான் விருந்தினர்களோடு வருகிறார் என்றார்.

“அக்கா, எதுக்கு ரிஸ்க்கு? ஸ்டோர்ஸ்ல காலி டிரம் இருக்கு. எல்லாத்துலயும் உப்பைக் கலக்கி இன்னிக்கே ஃபுல்லா மாத்திடுங்க.”

அக்கா அதிர்ந்து பேச மாட்டார். அன்றும் மெதுவாகத்தான் சொன்னார். “ஸ்டோர்ஸ் டிரம்முல என்னா ஊத்தி வெச்சிருந்தாங்களோ சார். அப்புறம், இப்பக் கலக்குன உப்பு இப்பவே அடங்காது. காய்ச்சல்ல கெடக்கறவனுக்கு ரத்தத்தை மொத்தமா எறக்கிட்டு வேற ரத்தம் ஏத்துவீங்களா? நோயில சாவாதது நம்ம கையில செத்துரும். தெனம் ஒரு டிரம் மாத்தறன். அடுத்த புதனுக்குள்ள தண்ணி தெளிஞ்சிரும்.”

“தெளியலைன்னா?”

சுரேந்தர் சாரே தொடர்ந்தார். “பெங்களூருக்குப் பேசிட்டேன்கா. ருத்ரேஷ் புதன்கிழமை காலையில வருவாரு. சரியா இல்லைன்னா தொட்டியை அவங்ககிட்டயே ஒப்படைச்சிடலாம். நீங்க பழையபடி தரையை மட்டும் பாத்துக்குங்க.”

பராமரிப்பு ஃபிட்டர் முனீஸ்வரன் ஒரு குச்சியில் பெரிய காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். மணலில் இழுத்ததும் காசுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன.

“அக்கா, கெணத்துல பக்கெட் எடுக்கற மாதிரி எடுத்துட்டேன் பாரு! மீனுக்குக் கல்யாணம் வெச்சா மொய்யி ரெடி!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குச்சியில் மேலும் ஒன்றும் ஒட்டாத வரை இழுத்தான். காசுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி பேன்ட்ரி மேடையில் வைத்தார்கள். அக்கா அன்று, லீவுக்கு முன்பே கலக்கி வைத்திருந்த ஒரு டிரம்மை மாற்றி, புதுக் கரித்தூள் பையை ஃபில்டரில் போட்டார். கரி அழுக்கோடு விஷத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல் தூங்கவில்லை. மத்தூர் வரும்போது, “தரை தொடைக்கப் பத்துப் பேரு கீறாங்க சரிதா. இதுக்கு நான் ஒருத்திதான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை காலையில் நிலைமை இன்னும் மோசம். முந்தின நாள் நிமிர்ந்திருந்த காளான் பவளமும் மூடியிருந்தது. காசையெல்லாம் எடுத்தாயிற்று, தண்ணீரும் மாற்றியாயிற்று, பிறகும் ஏன் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. பேன்ட்ரிக்குள் வந்து சுவரில் சாய்ந்து நின்றார். நான் டீ கொடுத்தேன். மேடையில் இருந்த தட்டை நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க.”

“சொல்லு மே.”

“சனிக்கெழம நானும் ஒரு காசு போட்டன்.”

டீ டம்ளர் அவர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“ஆனா அது இந்தத் தட்டுல இல்லக்கா. நான் போட்டது மஞ்சக் காசு. பூஜைக்குத் தங்கமாட்டம் இருக்கட்டும்னு அஞ்சு ரூவாயாப் பாத்துப் போட்டன். நெறைய பேரு அப்படித்தான் போட்டாங்க. இதுல பாருங்க, எல்லாமே வெள்ளக் காசு.”

அக்கா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, “ஒரு அஞ்சு ரூவா இருந்தாக் குடு” என்றார். கொடுத்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த விளம்பரக் காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்துத் தூக்கினார். காந்தம் மட்டும் வந்தது. தட்டிலிருந்த வெள்ளைக் காசில் வைத்துத் தூக்கினார். காசும் சேர்ந்து வந்தது. பத்து ரூபாய்க் காசிலும் பார்த்தார். ஒட்டவில்லை.

“இரும்பை எடுத்துட்டு வெசத்தை உள்ளயே வுட்டுட்டமே” என்றார். செம்பு கலந்தது மஞ்சள் காசில்தான். அத்தனையும் ஐந்தாறு நாளாகத் தொட்டிக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

“என்னா வேண்டிக்கிட்ட?”

“தம்பிக்கு வேலை பர்மனென்ட் ஆவணும்னு…”

“அடிப்பாவி, என் நத்தைங்க உயிரை எடுத்து உன் தம்பிக்கு வேலையா? அதுக்கு எச்.ஆர்.கிட்ட போயி வேண்டியிருக்கலாமில்ல?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். “நல்ல வேளை, வாயத் தொறந்த. எந்தெந்தப் பக்கம் போட்டாங்கன்னு பாத்தியா?”

நான் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். யார் எங்கே நின்றார்கள், காசு எந்தப் பாறையில் பட்டுத் தெறித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா பழைய டயரி அட்டையின் பின்னால் தொட்டியை நீளமாக வரைந்து, ஆறு கட்டமாகப் பிரித்து, நான் சொன்ன இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தண்ணீர் மாற்றுவதும் காசு தேடுவதும் ஒரே வேலையாகிவிட்டது. பாறையைக் கலைத்தால் சுருங்கியிருக்கும் பவளத்துக்கு அதுவே அடி. கையால் துழாவினால் மணலின் அடியிலுள்ள அழுக்கெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். அதனால் அக்கா ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டார். சோப்பு போடாமல் கையைத் தோள் வரை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, குழலை அந்தக் கட்டத்தில் மட்டும் ஊன்றுவார். மணல் குழலுக்குள் எழும்பும்போது மஞ்சள் காசு இருந்தால் குழலின் வாயில் ‘டிக்’ என்று தட்டும். உடனே ஹோஸை மடித்துப் பிடித்துக்கொண்டு, நீளமான பிளாஸ்டிக் இடுக்கியால் அதை எடுத்து என்னிடம் நீட்டுவார். ஒரு டிரம் நிரம்புவதற்குள் அந்தக் கட்டம் முடிய வேண்டும். முடியாவிட்டாலும் டிரம்மோடு நிறுத்திவிடுவார். “பேராசைப்பட்டா பாக்கி இருக்கறதும் போயிரும்.”

ஆர்.ஓ. ரூமில் ராத்திரி உப்பு கரையும் டிரம் ஒன்று, காலையில் ஏறும் டிரம் ஒன்று. வெள்ளி, சனி போயின. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது. கரியப்பன் அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு கேட்டிலேயே காத்திருந்தார். நான் டவுன் பஸ் பிடித்துப் போனேன். அன்று நான் போட்ட காசு, நான் சொன்ன இடத்திலேயே, சிவப்புப் பாறைக்குப் பின்னால் கிடைத்தது. ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. அக்கா அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காளான் பவளம் ஒன்று தட்டு மாதிரி விரிந்திருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். “நான் பாக்கலைன்னா நெனச்ச? பஸ்ஸ வுட்டு எறங்குனதும் மொத வேலை அதுதான்” என்றார். ஆனாலும் இன்னொரு தடவை வந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஆறாவது கட்டமும் முடிந்தது. கடைசி டிரம்மில் ‘டிக்’ சத்தம் ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ருத்ரேஷின் வேன் வந்துவிட்டது. முன்பு வந்தபோது பார்த்ததைவிட வயதானவராகத் தெரிந்தார். ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னக் குப்பிகள் கொண்டு வந்திருந்தார். தொட்டித் தண்ணீரை ஒவ்வொன்றிலும் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, குலுக்கி, கலர் பார்த்தார். உப்பைப் பார்த்தார். சூடு பார்த்தார். சுரேந்தர் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். அந்த நேரம் அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமந்திப் பவளம் முக்கால்வாசி விரிந்திருந்தது. விரல் பவளத்தில் இரண்டு கிளைகள் வெளுத்துச் செத்துவிட்டன, அதை மறைக்க முடியாது. நத்தைகள் போனது போனதுதான். மற்ற எல்லாமும் தண்ணீரோடு சேர்ந்து ஆடின.

ருத்ரேஷ் பெட்டியை மூடினார். சுரேந்தர் சாரிடம் பேசாமல் அக்காவிடம் திரும்பி, கன்னடத்தில் ஏதோ கேட்டார். அக்காவும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். டயரி அட்டையை எடுத்துக் காட்டினார். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“என்ன சொல்றாரு?” என்று சுரேந்தர் சார் கேட்டார். தன்னைப் பற்றிய நல்ல வார்த்தையைத் தானே மொழிபெயர்க்க அக்காவுக்குக் கூச்சம். எனக்குக் கொஞ்சம் கன்னடம் புரியும். பேன்ட்ரி வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“சார், அவரா இருந்தா பயந்துகிட்டு ஒரே நாள்ல பாதித் தண்ணியை மாத்தியிருப்பாராம். மஞ்சக் காசு இன்னும் உள்ள இருக்கறது அவருக்குத் தெரிஞ்சிருக்காதாம். இதுல அவரு செய்ய வேண்டியது ஒண்ணும் இல்லையாம். நத்தை மட்டும் அடுத்த வாரம் அனுப்பறாராம்.”

சுரேந்தர் சார் தொட்டியைப் பார்த்தார். பிறகு, “சரிக்கா. நீங்களே பாத்துக்குங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்கா தலையசைத்துவிட்டு, ருத்ரேஷ் குப்பிகளில் எடுத்தபோது தரையில் சிந்திய தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே சிரித்ததை நான் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். தொட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, சுரேந்தர் சார் அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அந்தப் பெரியவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவும் அதே அளவு குனிந்தார்.

அதன்பின் ஆயுத பூஜைக்கு முதல் நாளே தொட்டியின் மேல் கண்ணாடிப் பலகை வைத்துவிடுகிறோம். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தாம்பாளம் இருக்கும், காசு போட விரும்புகிறவர்கள் அதில் போடலாம். செத்த இரண்டு கிளைகளின் அடியிலிருந்து புதிதாக மூன்று முளைத்திருக்கின்றன. சாமந்திப் பவளம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பூவாகிவிட்டது. அக்கா இப்போது காலையில் தொட்டி வேலையை முடித்துவிட்டுத்தான் தரைக்கு வருகிறார். புதன்கிழமைதோறும் ஒரு டிரம் தண்ணீர் மாறுகிறது. மாற்றுவது வெள்ளையம்மா அக்கா.